சம்பந்தி அச்சடித்த சுவர்

பல் டாக்டர் எனக்குத் தரவேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்று முப்பது. பசை வாங்கின காசு, ஏணி வாடகை, என் கூலி எல்லாம் சேர்த்து, அவரே பேரம் பேசிக் குறைத்து, அவரே சரியென்று தலையாட்டின தொகை. எல்லாருடைய வாயையும் திறக்கவைக்கிற மனுஷன், இந்தப் பேச்சு வந்தால் மட்டும் தன் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

அவர் வீட்டு முன்கூடத்துக்குச் சுவர்க்காகிதம் ஒட்டினது நான்தான். பச்சை இலை, பழுப்புக் கிளை, கிளைக்கொரு குருவி. நல்ல காகிதம். மாடிப்படி ஓரத்துச் சுவரில் கை வைத்ததுமே சொன்னேன், இது ஈரம் குடிக்கிற சுவர், மேலே குளியலறையில் குழாய் எங்கேயோ கசிகிறது, அதைப் பார்த்துவிட்டு ஒட்டலாம் என்று. தரையை உடைத்தால் வீடே நாறிப்போகும், நீ ஒட்டுகிற வேலையை மட்டும் பார் என்றார். ஒட்டினேன். கொஞ்ச நாள் குருவிகள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தன. அப்புறம் டீயைக் கொட்டின மாதிரி ஒரு கறை கிளம்பி, காகிதம் உப்பி, நாலைந்து குருவிகளுக்கு வயிறு வீங்கிவிட்டது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உன் பசையில் தண்ணீர் ஜாஸ்தி, அதுதான் காரணம், இதற்கு நான் காசு வேறு தரவேண்டுமா என்று கேட்டார். அன்றைக்கே ஆள் உயர அலமாரி ஒன்றைத் தள்ளிக் கறைக்கு முன்னால் நிறுத்தினார். தள்ளுவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அதற்கப்புறம் அவருடைய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தேன். தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடு நானும் உட்காருவேன். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்து, அடுத்த வாரம் என்பார், கதவு மூடிக்கொள்ளும். இதில் வேடிக்கை, எனக்கே கடைவாய்ப் பல் ஒன்று நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது. ஆனால் எனக்குக் காசு தரவேண்டியவர் கையில் குறடு இருக்கும்போது, வாயைத் திறந்துகொண்டு அவர் நாற்காலியில் போய்ச் சாய எனக்கென்ன பைத்தியமா. கிராம்பைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

அந்தக் காசை நம்பித்தான் நாங்கள் தவணைக்குப் பிரிண்டர் எடுத்திருந்தோம்.

பிரிண்டர் என் வீட்டுக்காரியின் தொழிலுக்கு. அவள் தையல்காரி. ஒருநாள் ஓர் அம்மா தீப்பெட்டி அளவுக்கு ஒரு சோபாவைக் கொண்டுவந்து, இதற்கு உறை தைத்துத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். பொம்மை வீட்டுச் சாமான். இவளும் மிச்சத் துணியில் நல்ல பூப்போட்டதாய்ப் பார்த்துத் தைத்தாள். தைத்து முடித்துப் பார்த்தால் சோபா முழுவதையும் ஒரே ஒரு ரோஜாப்பூ அடைத்துக்கொண்டிருந்தது. பொம்மை அதில் உட்கார்ந்தால் முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்த மாதிரி. அப்போதுதான் அவளுக்குப் புத்தியில் பட்டது, குட்டி வீட்டுக்குக் குட்டிப் பூ வேண்டும், அது எந்தக் கடையிலும் கிடைக்காது, நாமேதான் அச்சடிக்கவேண்டும் என்று.

அப்படி வந்து சேர்ந்ததுதான் பிரிண்டர். அதற்கு நாங்கள் சம்பந்தி என்று பெயர் வைத்தோம். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, அதனால் வேறு சம்பந்தி வர வழியும் இல்லை. ஆனால் இதற்குப் பொருத்தமான பெயர் அதுதான். மரியாதை கொஞ்சம் குறைந்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். துணியைத் துவைத்துக் கஞ்சி போக்கி, மெழுகு பூசின தாளின் பளபளப்புப் பக்கத்தில் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டி, தாள் அளவுக்கு வெட்டி உள்ளே விடவேண்டும். ஓரத்தில் ஒரே ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அதைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஏதோ முனகும். சின்ன விளக்கு சிவக்கும். திரையில் என்னவோ எழுதிக் காட்டும். நான் எழுத்துப் படித்ததே தலை நரைத்த பிறகு. நான் கூட்டிப் படிப்பதற்குள் எழுத்து மறைந்துவிடும். சம்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது என்று உள்ளே குரல் கொடுப்பேன். அவள் வந்து முதுகைத் திறந்து, தடவிக் கொடுத்து, கசங்கின துணியை வெளியே எடுப்பாள்.

ஆனால் மனசு வைத்தால் சம்பந்தி மாதிரி ஆள் கிடையாது. ஓரடியை ஓர் அங்குலமாய்ச் சுருக்கி, மிளகு அளவுப் பூவை இதழ் இதழாய்த் துணியில் இறக்கிவிடும். என் வீட்டுக்காரி அதில் திரைச்சீலை தைப்பாள். குட்டித் திரை தானாகத் தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கஞ்சி தடவி, மடிப்பு மடிப்பாய்க் குண்டூசி குத்திக் காயவைப்பாள். படுக்கை விரிப்பு, தலையணை, சுவர்க்காகிதம் எல்லாம் அந்த ஒரு மேஜையில்தான் பிறந்தன. என் முட்டி ஏணி ஏறும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்த காலம். வீட்டில் அடுப்பு எரிந்தது பாதி இந்தப் பொம்மைகளால்தான்.

தவணைக் கடைக்காரர் வந்து, இந்த மாசக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் காசு வந்தால் சம்பந்தி எங்களோடு இருப்பார். வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்த நேரத்தில்தான் சலவைக்கடை அம்மா வந்தார்.

எழுபது வயசு இருக்கும். மூன்று சலவைக்கடை நடத்துகிறவர். உள்ளே வந்ததும் உட்காராமல், என் சட்டைக் காலரைப் பார்த்து, இது பசைக் கறை, வெந்நீரில் ஊறப்போடு என்றார். பிறகுதான் வந்த காரியம். மகளுக்குப் பிறந்தநாள். மகளுக்கு வயசு முப்பத்தெட்டு. ஆனாலும் பொம்மை வீடென்றால் உயிர். மகள் வீட்டு முன்கூடத்தையே பொம்மை வீடாகச் செய்து கொடுக்கவேண்டும், பெட்டியும் மரச் சாமானும் தச்சர் செய்து தருகிறார், சுவரும் துணியும் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, போனைத் திறந்து படம் காட்டினார்.

பச்சை இலை. பழுப்புக் கிளை. கிளைக்கொரு குருவி.

நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், ரொம்ப அழகான வீடும்மா, மாப்பிள்ளை என்ன பண்றார் என்று கேட்டாள். பல் டாக்டர் என்றார் அம்மா. அப்படியா, ரொம்ப நல்ல தொழில் என்றாள் இவள். முன்பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அம்மா காட்டின படம் வீட்டுக்குப் புதுசாய்க் காகிதம் ஒட்டின சமயத்தில் எடுத்தது. அதில் கறை இல்லை, அலமாரியும் இல்லை. அவர் போனதும் என் வீட்டுக்காரி சம்பந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் என் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டு நின்று சிரித்தாளே, அதே சிரிப்பு.

"கறையையும் சேர்த்து அச்சடிச்சிடறேன். உள்ளது உள்ளபடி இருக்கட்டுமே. என்ன, பெரிய செலவா? பழுப்பு மை ஒரு சொட்டு."

கூடாது என்றேன். வேலையில் விளையாட்டுக் கூடாது, அந்த அம்மா நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஒரு பாவமும் அறியாத குருவியை நாம் ஏன் வீங்கவைக்கவேண்டும் என்று கேட்டேன். நீங்க இப்படியே இருந்தா அந்தக் காசு உங்க பல்லு மாதிரிதான், உள்ளேயே சொத்தையாகிப் போகும் என்றாள். கடைசியில், கறை போடமாட்டேன் என்று சம்பந்தி மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். பண்ணின கையோடு விளக்கு சிவந்தது. அது வேறு விஷயம், தாள் தீர்ந்திருந்தது.

நானும் ஒன்று கேட்டுக்கொண்டேன். மற்ற சுவர்களை நீ ஒட்டு, மாடிப்படி ஓரத்துச் சுவரை மட்டும் எனக்கு விடு என்றேன். எதற்கு என்றாள். அந்தச் சுவர் ஒருதடவையாவது என் கையால் சுத்தமாய் அமைந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அதை எப்படிச் சொல்வது, ஒட்டுகிறது என் தொழில் என்று மட்டும் சொன்னேன்.

பிறந்தநாள் அன்று காலை எல்லாம் முடிந்துவிட்டது, என் சுவர் ஒன்றைத் தவிர. அதற்கான காகிதம் அச்சாகித் தயாராய்க் கிடந்தது. அதோடு சம்பந்திக்கு மை தீர்ந்துபோய், கடனுக்கு ஒரு குப்பி கேட்டுப் பார்க்கிறேன் என்று அவள் கடைக்குப் போனாள். போகும்போது, ஒட்டறதுன்னா சுவர்ல கொஞ்சமா கோந்து தடவி ஒட்டுங்க, காகிதத்தை நனைக்காதீங்க என்றாள். முப்பது வருஷமாய் ஒட்டுகிறவனுக்கு இவள் சொல்லித்தருகிறாள் என்று காதில் வாங்காமல் விட்டேன்.

பசை கலக்கினேன். காகிதத்தைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் தாராளமாய்த் தடவினேன். பசையும் பசையும் சேர மடித்து, பீடி ஒன்று பிடித்துவிட்டு வரும்வரை ஊறவிட்டேன். பெரிய வீடானாலும் சின்ன வீடானாலும் காகிதம் பசையைக் குடித்தால்தான் சுவரில் அமரும். என் கைக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

விரித்துப் பார்த்தால் குருவியைக் காணோம்.

கடையில் விற்கிற காகிதத்தின் மை தண்ணீருக்கு அசையாது. சம்பந்தியின் மை அப்படியில்லை. மற்ற சுவர்களுக்கு அவள் முன்கூட்டியே நிறமில்லாத வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பழுப்பும் பச்சையும் ஒன்றாய்க் கரைந்து நடுவில் குட்டையாய்த் தேங்கி நின்றது. பதறிப்போய், காய்ந்தால் சரியாகும் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தேன். வைத்த இடத்தில் கொஞ்சம் தீய்ந்தது. ஓரத்தில் டீ நிறத்தில் ஒரு வளையம். வேறு காகிதம் அச்சடிக்க மை கிடையாது. அப்படியே எடுத்துச் சுவரில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, பார்க்கச் சகிக்காமல், தச்சர் கூடுதலாய்ச் செய்து கொடுத்திருந்த குட்டி அலமாரியை எடுத்துக் கறைக்கு முன்னால் வைத்தேன். மறைந்துவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதே சுவர். அதே கறை. அதே அலமாரி.

வெறுங்கையோடு திரும்பி வந்த என் வீட்டுக்காரி, குனிந்து, ஒற்றை விரலால் அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு நீங்க பண்ணிட்டீங்களே. ஓரத்துல வளையம்கூட விடலியே."

தெரியாமல் நடந்தது என்றேன். ஆமாமா என்றாள். சம்பந்தி மேல் கை வைத்துச் சொல்கிறேன் என்றேன். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சலவைக்கடை அம்மா எங்களையும் கூட வரச்சொன்னார், குலுங்காமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வரவேண்டுமாம்.

வழியெல்லாம் குட்டி அலமாரி நகராமல் விரலால் பிடித்துக்கொண்டே போனேன். கறை தெரிந்தால் அம்மா மீதிக்காசைத் தரமாட்டார். மாப்பிள்ளைக்கு, நான் மோசமாய் ஒட்டுகிறவன் என்பதற்குச் சாட்சியை நானே மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதோடு ஆறாயிரத்து நானூற்று முப்பதும் போய்விடும், சம்பந்தியும் போய்விடுவார்.

டாக்டர் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். அந்த அலமாரி அதே இடத்தில் நின்றிருந்தது. அதன்மேல் இப்போது பூ ஜாடி வேறு. நடு மேஜையில் பொம்மை வீட்டை இறக்கினோம். மகள் ஓடிவந்து, கையைத் தட்டி, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஐயோ என் திரை, ஐயோ என் சோபா, என் குருவி என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். டாக்டருக்கு என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிற்று. என் வீட்டுக்காரி அவருக்கு ஒரு பெரிய வணக்கம் வைத்தாள்.

மகள் கடைசியில் குட்டி அலமாரியில் விரல் வைத்தாள். இதைக்கூட விடாமல் செய்திருக்கிறார்களே என்று சொல்லிக் கையில் எடுத்தாள். பின்னால் கறை.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டருக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அத்தை. இந்த ஆள் எங்க ஒட்டினாலும் இப்படித்தான். இங்க ஒட்டினதும் இவன்தான், இங்கயும் இதே கதை."

பேசி முடித்த பிறகுதான் அவருக்குத் தன் வாயில் என்ன வந்தது என்று தெரிந்திருக்கும்.

"இங்கயா?" என்றார் சலவைக்கடை அம்மா. "இங்க எங்க மாப்பிள்ளை?"

டாக்டர் கண் அலமாரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பிற்று. அது அம்மாவுக்குப் போதும். பூ ஜாடியை எடுத்து மகள் கையில் கொடுத்தார். விருந்துக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தச் சொன்னார். நானும் ஒரு கை கொடுத்தேன். இந்தத் தடவை சந்தோஷமாய்.

கறை கதவளவுக்கு வளர்ந்திருந்தது. காகிதம் தொங்கிக் கிடந்தது. பூஞ்சை கறுப்பாய்ப் படர்ந்து, குருவிகளுக்கெல்லாம் மீசை முளைத்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். தொட்டார், விரலை மோந்து பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்து பொம்மை வீட்டுக்குள் தலையை விட்டு அதையும் மோந்து பார்த்தார்.

"அந்தச் சுவர்ல இருக்கறது மேலேருந்து இறங்கின தண்ணி. பசைன்னா நடுவுல இருக்கும், இப்படி அடுக்கடுக்கா வளையம் விடாது. குழாய் ஒழுகுது மாப்பிள்ளை, ரொம்ப நாளா." என்னைப் பார்த்துத் திரும்பினார். "பொம்மை வீட்டுல இது மை கரைஞ்சது. அதுக்கு மேல இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தீச்சிருக்கே. சரியா தம்பி?"

சரி என்றேன்.

"தீச்சிட்டு அலமாரியை முன்னால வச்சே."

ஆமாம் என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?" என்றார்.

கூடமே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அடக்க ஒடுக்கமாய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த என் வீட்டுக்காரி, ரொம்பத் தாழ்ந்த குரலில், இவர் அப்பவே குழாயைப் பாக்கணும்னு சொன்னாரும்மா, டாக்டருக்கு வேலை ஜாஸ்தி, மறந்திருப்பார், அந்தப் பாக்கியைக்கூட மறந்துட்டார் பாவம் என்றாள். எவ்வளவு பாக்கி என்று அம்மா கேட்டார். சொன்னாள். முப்பதையும் விடாமல் சொன்னாள்.

அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். சட்டைக் காலரில் கறை பார்ப்பாரே, அந்தப் பார்வை. டாக்டர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. வெளியே வந்து எல்லார் முன்னாலும் என் கையில் காசை வைத்தார். என் வீட்டுக்காரி அதை என் கையிலிருந்து எடுத்து எண்ணினாள். ஆறாயிரத்து நானூறு.

சில்லறை இல்லை என்றார் டாக்டர். இல்லை என்றால் நிஜமாகவே இல்லை, சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். அதற்கப்புறம் முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முப்பதுக்கு என் ஆஸ்பத்திரிக்கு வா. ஒரு பல்லைச் சும்மா பிடுங்கிவிடறேன்."

சலவைக்கடை அம்மா பொம்மை வீட்டுக்கான மீதியையும் கொடுத்தார், தீய்த்ததற்கு ஒரு காசும் பிடிக்கவில்லை. அந்தச் சுவரை மட்டும் இலவசமாய் மாற்றித் தருகிறேன் என்றேன். மகள் வேண்டாம் என்றுவிட்டாள். குழாய் சரியாகிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும், தினமும் சாப்பிடும்போது இவர் கண்ணில் படட்டும் என்றாள். குட்டி அலமாரியை மட்டும் தூக்கி எதிர்ச்சுவரில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தவணைக் கடைக்காரர் வந்து மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு, சம்பந்தியை ஒருதடவை தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் விளக்கு சிவந்தது. இனிமேல் எங்கள் வீட்டு ஆள், எவ்வளவு வேண்டுமானாலும் கோவித்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பல் இன்னும் வலிக்கிறது. போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதானே, முப்பது காத்துக்கொண்டிருக்கிறதே என்று என் வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். நான் கிராம்பைக் கடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். அந்த நாற்காலி, அந்த விளக்கு, அந்தக் குறடு, அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு.

முப்பதைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.